வலிக்கு ஒரு நோட்டு: கரிகிரி சைக்கிள் முதல் கைபேசி வரை



பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் சொல்வது போலத்தான், கடைசி பெஞ்சுக்காரர்களும் முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள்.

சென்ற மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் பேத்தி ஒரு வரைபடம் போட்டாள். ஏழில் தொடங்கிய ஒரு கோடு படிப்படியாக இறங்கி, கடைசி எட்டு நாட்கள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. கீழே "பாட்டி பாஸ்!" என்று எழுதியிருந்தாள். ஆளாளுக்குக் கைதட்டினார்கள். அது என் பாத எரிச்சலின் கணக்கு.

எனக்கு 18 வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடமாக ராத்திரியில் உள்ளங்கால் திகுதிகுவென்று எரியும். சில நாள் எறும்பு ஊரும். சில நாள் சுருக்கென்று கரண்ட் அடிக்கும். சார் காலமான பிறகு நான் வீட்டில் தனி ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். நடுராத்திரி காலைத் தண்ணீர்ப் பக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதைக் கேள்விப்பட்ட மகன் பெங்களூரிலிருந்து வந்தபோது என் கைபேசியில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தான். தினமும் இரவு 9 மணிக்கு அது டிங் என்று கேட்கும்: இன்று வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல். எந்த இடம் என்று ஒரு மனித உருவத்தில் தொட்டுக் காட்டு. தூங்கினாயா? மாத்திரை போட்டாயா?

35 வருடம் மற்றவர்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டவள் நான். என் காலுக்கு மார்க் போடத் தெரியாமல் முதல் நாள் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பழகிவிட்டது. கோடும் இறங்கியது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து எல்லோரையும் போல நானும் சந்தோஷப்பட்டேன். அது தவறு என்று தெரிந்தது டாக்டரம்மாவிடம் போன பிறகுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன். அது புரிய வேண்டுமானால் நம் குடியாத்தத்தின் பழைய கதை ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

கையை இழுக்காத பையன்

1984. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். ஆசிரியர் பயிற்சி முடித்த சூடு ஆறவில்லை, கையில் எப்போதும் ஸ்கேல். நாலாம் வகுப்பில் ஒரு பையன். முதல் பருவத்தில் முத்து முத்தாக எழுதியவன், தீபாவளி கழிந்து வந்ததும் கோழி கிறுக்கினது போல எழுத ஆரம்பித்தான். பென்சில் அடிக்கடி கீழே விழும். வீட்டுப்பாடம் செய்வதில்லை. ஏன் என்று கேட்டால், "முழங்கை கிட்ட விண்ணு விண்ணுன்னு தெறிக்குது டீச்சர். ராத்திரி தூக்கமே வரல டீச்சர்" என்பான். நொண்டிச்சாக்கு என்று நினைத்தேன். ஒருநாள் கோபத்தில் கையை நீட்டச் சொல்லி, சுண்டுவிரல் பக்கமாக ஸ்கேலால் அடித்தேன். அவன் கையை இழுக்கவில்லை. இன்னொன்று போட்டேன். அப்போதும் இழுக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எவ்வளவு திமிர் என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மூன்று வாரம் கழித்துக் கரிகிரியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். அப்போதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் தோலைப் பார்க்க அவர்கள் வருவது வழக்கம். பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் வரிசையாக நிற்பார்கள். இந்தப் பையனின் முன்கையில் வெளிறிய தேமல் ஒன்றைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். தேமலில் தொட்டபோதும், சுண்டுவிரலில் தொட்டபோதும் பையன் சும்மா நின்றான். பிறகு அவர் முழங்கையின் உட்புறத்தைத் தடவினார். தெரியாமல் சுவரில் இடித்துக்கொண்டால் விரல் வரை கரண்ட் பாயுமே, அந்த இடம். தொட்டதுதான் தாமதம், பையன் "ஐயோ" என்று துள்ளினான்.

"ராத்திரி இங்க வலிக்குமாப்பா?" என்று கேட்டார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை.

நான் அடித்தபோது அவன் கையை இழுக்காததற்குக் காரணம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. விரலில் உணர்வே இல்லை. விரல் மரத்துப்போவதற்கு முன் நரம்பு பல ராத்திரிகள் கத்தியிருக்கிறது. அவன் அதை என்னிடம் தன் வாயால் சொல்லியும் இருக்கிறான்.

குடியாத்தம் வட்டம் உலகத்துக்குத் தெரிந்த கதை

உங்களில் பலருக்குக் கரிகிரி என்றால் காட்பாடி பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி என்ற அளவில்தான் தெரியும். 1955இல் ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாக அது தொடங்கியது. 1960களில் இருந்து அவர்களின் களப்பணிக்கு உரிய இடம் நம் குடியாத்தம் வட்டம்தான். வீடு வீடாக, பள்ளி பள்ளியாக வந்து பார்த்தார்கள். வெளிநாட்டு மருத்துவ இதழ்களின் கட்டுரைத் தலைப்பிலேயே குடியாத்தம் வட்டம், தென்னிந்தியா என்று அச்சாகியிருக்கிறது. லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கும் பேர்போன நம் ஊருக்கு இப்படியும் ஒரு பெயர் உண்டு.

இதற்கெல்லாம் முன்பு வேலூருக்கு ஒருவர் வந்தார். பெயர் பால் பிராண்ட். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோய் வந்தால் விரல் அழுகித் தானே விழுந்துவிடும் என்று அன்று உலகமே நம்பியது. செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் அந்தக் கைகளைப் பார்த்த பிராண்ட் வேறு விதமாக யோசித்தார். நோய்க்கிருமி நரம்பைக் கெடுக்கிறது, நரம்பு கெட்டதால் வலி தெரிவதில்லை, வலி தெரியாததால் சுட்ட புண்ணும் வெட்டுப்பட்ட புண்ணும் கவனிப்பாரின்றி விரலைத் தின்கின்றன என்று கண்டார். அவர் சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. ஒரு நோயாளிச் சிறுவன் வந்து சாவியை ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் எலும்பு தெரியுமளவு வெட்டுப்பட்டு ரத்தம் சொட்டுகிறது. அவனுக்கு அது தெரியவே இல்லை. இதைப் பின்னாளில் படித்தபோது என் வகுப்புப் பையன்தான் என் கண் முன் நின்றான்.

அந்தச் சைக்கிள்காரர் கையில் ஒரு அட்டை இருந்ததே, அது இந்த அறிவிலிருந்து பிறந்தது. அதில் இரண்டு கையும் இரண்டு பாதமும் கோட்டுப் படமாக அச்சடித்திருக்கும். உணர்வில்லாத இடத்தில் குறி போடுவார்கள். "சுண்டுவிரலை வெளிப்பக்கம் விரி, நான் தள்ளுவேன், விடாதே" என்று சொல்லித் தசையின் பலத்தையும் பார்த்து எழுதுவார்கள். அடுத்த முறை வரும்போது மறுபடியும் அதே சோதனை, அதே அட்டை. போன முறையோடு இந்த முறையை ஒப்பிட்டால் நரம்பு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

ஏன் இத்தனை பாடு? நரம்பு பழுதடைந்து ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பிரெட்னிசோலோன் போன்ற மருந்தால் பெரும்பாலும் ஓரளவாவது மீட்டுவிடலாம். அதைத் தாண்டினால் மீள்வது அரிது. ஆகவே பழுது இருக்கிறதா என்பதை விட, எப்போது தொடங்கியது என்பது முக்கியம். எழுதி வைக்காவிட்டால் அதை யாராலும் சொல்ல முடியாது.

என் மாணவனுக்கு நரம்பு வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள், கைக்கு மெழுகு ஒத்தடம், பயிற்சி எல்லாம் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 1982இல் அறிவித்த கூட்டு மருந்து சிகிச்சை அப்போதுதான் புதிது, அதுவும் கிடைத்தது. வகுப்பில் சில பெற்றோர் அவனை நிறுத்தச் சொன்னார்கள். மருந்து தொடங்கியபின் அவனால் யாருக்கும் பரவாது என்று கரிகிரிக்காரர் வந்து பொறுமையாக விளக்கினார். பையன் முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்தான். பென்சில் மறுபடியும் கையில் நின்றது. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் மடங்கியபடியே இருந்துவிட்டது.

மரத்துப்போன கையில் வலி இருக்குமா?

இங்கே ஒரு குழப்பம் வரும். தொழுநோய் என்றால் வலி தெரியாது என்கிறோம், அப்புறம் முழங்கை வலி எப்படி? தோல் மரத்துப்போவது வேறு, நரம்பே வலிப்பது வேறு. இரண்டும் ஒரே கையில் சேர்ந்திருக்கலாம். தந்திக்கம்பி அறுந்தால் சேதி வராது. அறுந்த இடத்தில் பொறி பறப்பது நிற்காமல் இருக்கலாம். தொழுநோயாளிக்கு வலி இல்லை என்று நெடுங்காலம் நினைத்திருந்ததால், இந்த நரம்பு வலியைப் பற்றி அவர்களிடம் கேட்பவர்களே குறைவு. மும்பையில் சிகிச்சை முடித்தவர்கள் 101 பேரிடம் கேட்டுப் பார்த்து 2011இல் ஒரு ஆய்வு வெளியானது. அவர்களில் 22 பேருக்கு நரம்பு வலி இருந்தது. நோய் குணமாகிவிட்டது, ஏட்டிலும் பேரை அடித்தாகிவிட்டது, ஆனால் ஐந்தில் ஒருவருக்கு வலி போகவில்லை.

இந்தப் பதிவு எழுத அனுமதி கேட்டு அந்த மாணவனுக்குப் போன் செய்தேன். இப்போது ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருக்கிறான், பேரப்பிள்ளை எடுத்துவிட்டான். "மார்கழியில இன்னும் தெறிக்கும் டீச்சர். யாரும் கேக்கறதில்ல, நானும் சொல்றதில்ல" என்றான்.

வலிக்கு அளவுகோல் தேடியவர்கள்

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் உண்டு. வலிக்கு என்ன உண்டு? 1890களில் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஃப்ரை என்பவர் குதிரை மயிர் போன்ற முடிகளைக் குச்சியில் ஒட்டித் தோலைத் தொட்டு உணர்வை அளந்தார். மெல்லிய முடி சீக்கிரம் வளையும், தடித்த முடி அழுத்தும். 1960 வாக்கில் அமெரிக்காவில் செம்ஸ், வைன்ஸ்டைன் என்ற இருவர் முடிக்குப் பதில் நைலான் இழையை வைத்தார்கள். இன்றும் தொழுநோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் அந்த இழைதான்.

இழை தொடு உணர்வைத்தான் அளக்கும். வலிக்கு வாய்ச்சொல்தான் வழி. கனடாவில் ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியல் அறிஞர், நோயாளிகள் வலியைச் சொல்லும் வார்த்தைகளைப் பொறுக்கிச் சேர்த்தார். சர்க்கரையால் காலை இழந்த ஒரு முதிய பெண்மணி, இல்லாத காலில் வரும் வலியை விதவிதமான சொற்களால் விவரித்ததுதான் அவருக்குத் தூண்டுதல். 1975இல் அவர் வெளியிட்ட வினாத்தாளில் 78 வார்த்தைகள், 20 பிரிவுகள். நோயாளி தனக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த வார்த்தை என்பது டாக்டருக்கு ஒரு துப்பு. எரிகிறது, சுடுகிறது, மின்சாரம் பாய்கிறது என்றால் நரம்பின் மேல் சந்தேகம் போகும்.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: நம் கிழவிகளிடம் 78 என்ன, அதற்கு மேலும் இருக்கும். எரிச்சல், காந்தல், கடுப்பு, குத்தல், குடைச்சல், உளைச்சல், இசிவு, மதமதப்பு, சுருக், விண்விண், திகுதிகு. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே என் அம்மா சொன்ன சொற்கள் இவை. தறியில் கால் மிதித்த உங்கள் தாத்தாக்கள் சொன்ன சொற்கள். என் செயலியில் இருந்ததோ ஆங்கிலத்தில் ஆறு வார்த்தைகள். திகுதிகு அதில் இல்லை.

ராத்திரியோடு ராத்திரியாக எழுதிய ரெக்கார்டு நோட்டு

சரி, வார்த்தை கிடைத்துவிட்டது. தினமும் நோட்டில் எழுதிவரச் சொன்னால் போதாதா, கைபேசி எதற்கு?

மாணவர்களே, நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள். 2002இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட வலி உள்ளவர்களுக்குக் காகித டைரி கொடுத்து, குறித்த நேரத்தில் வலியை எழுதச் சொன்னார்கள். டைரிக்குள் அவர்களுக்குத் தெரியாமல் ஒளியை உணரும் ஒரு சில்லு. எப்போது திறந்தார்கள், எப்போது மூடினார்கள் என்று அது குறித்துக்கொள்ளும். டைரியைப் பார்த்தால் 90 சதவீதம் சரியான நேரத்தில் எழுதியதாகத் தேதியும் மணியும் போட்டிருந்தது. உண்மையில் சரியான நேரத்தில் எழுதியது 11 சதவீதம். மீதி பிற்பாடு மொத்தமாக உட்கார்ந்து நிரப்பியது. சயின்ஸ் ரெக்கார்டு நோட்டைக் கையெழுத்து வாங்கும் முந்தின நாள் ராத்திரி எழுதிய கூட்டம் நினைவுக்கு வருகிறதா? அதே ஆய்வில் மின்னணுக் கருவி கொடுத்தவர்கள் 94 சதவீதம் ஒழுங்காகப் பதிந்தார்கள். அது கூப்பிட்டுக் கேட்கும், நேரம் தாண்டினால் வாங்கிக்கொள்ளாது.

அவர்கள் பொய்யர்கள் இல்லை. பிற்பாடு நினைத்து எழுதும்போது மனசு ஏமாற்றும். 1996இல் ரெடல்மையர், கானமன் என்ற இருவர் குடல் பரிசோதனை செய்துகொண்டவர்களிடம் நிமிடத்துக்கு நிமிடம் வலியைக் கேட்டு, பிறகு மொத்தத்தில் எப்படி இருந்தது என்றும் கேட்டார்கள். ஞாபகத்தில் நின்றது இரண்டுதான்: உச்சமாக வலித்த கணமும், கடைசியில் வலித்த அளவும். எவ்வளவு நேரம் வலித்தது என்பது ஞாபகத்தில் ஏறவே இல்லை. ஒரு மாதம் கழித்து டாக்டர் "எப்படி இருக்கு" என்று கேட்கும்போது, நாம் நேற்று ராத்திரியைத்தான் சொல்கிறோம்.

ஆகவே கைபேசிச் செயலி வீண் அல்ல. எனக்கே அது ஒன்றைக் காட்டிக் கொடுத்தது. இரவு மாத்திரையைத் தாமதமாகப் போட்ட நாட்களில்தான் எனக்கு நடுராத்திரி எரிச்சல் அதிகம். வரைபடத்தைப் பார்த்த டாக்டரம்மா நேரத்தை மாற்றிக் கொடுத்தார். (மாத்திரை பெயரை எழுதமாட்டேன். நீங்களாகவே கடையில் வாங்கிச் சாப்பிடுவீர்கள், எனக்குத் தெரியும்.)

வலியைச் செயற்கையாகச் செய்யப் பார்த்த கதை

பால் பிராண்ட் 1966இல் அமெரிக்கா போனார். லூசியானாவில் கார்வில் என்ற இடத்துத் தொழுநோய் மருத்துவமனையில் ஒரு விசித்திர முயற்சி செய்தார். வலி இல்லாததுதானே குறை, வலியைக் கருவியாகச் செய்து கொடுத்தால் என்ன? கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை உணரும் சில்லுகளைத் தைத்தார்கள். அளவுக்கு மீறி அழுத்தினால் காதில் சத்தம் கேட்கும். நோயாளிகள் சத்தத்தைச் சட்டை செய்யவில்லை. பிறகு உணர்வுள்ள இடத்தில் சுருக்கென்று மின்சாரம் தைக்கும்படி வைத்தார்கள். அவசர வேலை என்றால் அதை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். கடைசியில் முயற்சியைக் கைவிட்டார்கள். அணைத்து வைக்க முடிகிற வலி நம்மைக் காக்காது என்பதுதான் அவர் கற்ற பாடம்.

கைபேசி டிங் என்று கேட்கும்போது விரலால் ஒதுக்கித் தள்ளுகிறோமே, அப்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

அதே கார்வில்லில்தான் இன்னொரு வேலையும் நடந்தது. எவ்வளவு உணர்வு இருந்தால் பாதம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று தொழுநோயாளிகளையும் சர்க்கரை நோயாளிகளையும் சோதித்து 1986இல் எழுதினார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை பாதத்தைத் தொடுவது தெரிந்தால் பாதுகாப்பு உண்டு, தெரியாவிட்டால் ஆபத்து. இன்று உலகத்தில் எந்தச் சர்க்கரை டாக்டரிடம் போனாலும் அந்த 10 கிராம் இழை இருக்கும். தொழுநோயாளியின் பாதத்தில் கற்ற பாடம் நம் பாதத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பூஜ்யத்தின் கதை

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். பூஜ்யத்தில் படுத்த கோட்டைப் பெருமையாக டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் பாராட்டுவார் என்று பார்த்தால், "செருப்பைக் கழட்டிட்டு மேல படுங்கம்மா" என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து அந்த நைலான் இழையை எடுத்தார். "கண்ணை மூடிக்குங்க. தொடும்போது சொல்லுங்க."

நான் கண்ணை மூடினேன். "இங்க", "இங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். நடுநடுவே அவர் சும்மா இருப்பதாக நினைத்தேன். அவர் சும்மா இருக்கவில்லை. வலது பாதத்தில் மூன்று இடத்தில் தொட்டிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. அதில் ஓரிடம் கட்டைவிரலுக்குக் கீழே. அங்கே ஒரு கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. சிரசு திருவிழாவன்று உச்சி வெயிலில் வெறுங்காலில் நடந்தேனே, அது. எட்டு நாள் அந்தப் புண்ணோடு நடமாடியிருக்கிறேன். அந்த எட்டு நாளும் செயலியில் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

"எரிச்சல் குறைஞ்சது மாத்திரையாலயும் இருக்கலாம். நரம்பு மரத்துக்கிட்டு வர்றதாலயும் இருக்கலாம். பூஜ்யம்னா ரெண்டு அர்த்தம் உண்டும்மா. தொட்டுப் பார்த்தாத்தான் எதுன்னு தெரியும்" என்றார்.

அந்த மேஜையில் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, ஸ்கேலுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றவன் நான்தான் என்று தோன்றியது.

புண் இப்போது ஆறிவிட்டது. பயப்பட வேண்டாம். எம்.சி.ஆர். செருப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மெத்தென்ற அந்த ரப்பர் செருப்பும் வேலூரில் தொழுநோயாளிகளின் பாதத்துக்காக உருவானதுதான்.

கேட்பவர் யார்?

2005 டிசம்பரில் இந்தியா தொழுநோயைப் பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்பது அதன் பொருள், ஒருவருமே இல்லை என்பதல்ல. சைக்கிள்காரர்கள் பள்ளிக்கு வருவது குறைந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இப்போது பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள், கைபேசியில் பதிகிறார்கள். தொழுநோய்க்கும் 2023 ஜனவரி 30 அன்று நிகுஷ்ட் 2.0 என்ற இணையப் பதிவேடு வந்தது. அட்டை போய்க் கைபேசி வந்திருக்கிறது. நல்லதுதான். அட்டை தொலையும், நனையும், கைபேசியில் உள்ளது இருக்கும்.

ஆனால் அந்தச் சைக்கிள்காரர் மூன்று வேலை செய்தார். கேட்டார், தொட்டார், எழுதினார். செயலி கேட்கிறது, எழுதிக்கொள்கிறது. தொட அதனால் முடியாது. அந்த ஒன்றை யாராவது செய்தால்தான் மற்ற இரண்டுக்கும் பொருள்.

நான் இப்போது இப்படிச் செய்கிறேன். இரவு 9 மணிக்கு எண் போடுவதற்கு முன், முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். பிறகு செயலியின் குறிப்புப் பகுதியில் தமிழில் எழுதுகிறேன்: "பாதம் பார்த்தேன். புண் இல்லை. ராத்திரி திகுதிகு, நாலு." பூஜ்யம் வந்தால் அன்று இரண்டு முறை பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இழைச் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

உங்களிடம் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுச் சர்க்கரைக்காரர் பக்கத்தில் ஒரு பத்து நிமிடம் உட்காருங்கள். அவர்கள் காலை மடியில் வைத்துப் பாருங்கள். வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், எண்ணில் வேண்டாம், அவர்கள் வார்த்தையிலேயே கேளுங்கள். அந்த வார்த்தையை அப்படியே கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். தோல் தொழிற்சாலையில் நின்றவர்கள், தறியில் உட்கார்ந்தவர்கள், பீடி சுற்றியவர்கள் எல்லோரிடமும் சொற்கள் இருக்கும். சேர்த்து எழுதி டாக்டரம்மாவிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். வெளிறிய தேமலோ, மரத்த இடமோ யாருக்காவது தெரிந்தால் வெட்கப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருந்து இலவசம், குணமாகும்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கையெழுத்து திடீரென்று கெட்டுப்போன பிள்ளையை அடிக்காதீர்கள். பக்கத்தில் கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் பாருங்கள்.

போன் வைப்பதற்கு முன் என் மாணவன் சொன்னான்: "தாராளமா எழுதுங்க டீச்சர். பேரு மட்டும் வேண்டாம். அடிச்சதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன் கண்ணு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
குடியாத்தம்